ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

ரொம்ப நாளா இந்தப் பக்கமே வரல மக்களே. ஆணி அதிகம். ஒரு பக்கம் தீசிஸ், இன்னொரு பக்கம் வாரத்துக்கு இருபது மணி நேரம் பார்ட் டைம் வேலை, ரெண்டுக்கும் நடுவுல ஜெர்மனிக் குளிரு. வலைப்பதிவுன்னு ஒண்ணு வெச்சிருக்கோம்ங்கறதே மறந்து போச்சு. போன ஞாயித்துக்கிழமை எங்க ஹாஸ்டல் பொதுச் சமையலறையில நடந்த ஒரு விஷயம்தான் இப்போ இழுத்துட்டு வந்து உக்கார வெச்சிருக்கு.

பக்கத்து ரூம் தம்பி, மதுரைக்காரன், லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான். "அண்ணே, ஆன் பண்ணினா ரவுண்டு ரவுண்டா சுத்திக்கிட்டே நிக்குது. ஒரு ஃபார்மட் அடிச்சுக் குடுங்கண்ணே." நான் சாம்பாருக்குப் புளி கரைச்சிட்டு இருந்தேன். அங்க இருந்த நாலு பேரும் ஒரே குரலா, "ஆமா ஆமா, ஃபார்மட் அடி, சரியாயிரும்"ன்னாங்க. நாலுமே எஞ்சினியரிங் மாஸ்டர்ஸ் படிக்கிற பசங்க.

"உள்ள என்ன இருக்கு?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"செமஸ்டர் நோட்ஸ் இருக்கு... ஆங், லேப் ரிப்போர்ட் பாதி எழுதினது இருக்கு. விசா நீட்டிக்க ஸ்கேன் பண்ணினது எல்லாம் அதுலதான். தங்கச்சி கல்யாண போட்டோ..." சொல்லச் சொல்ல அவன் முகமே மாறிப் போச்சு. 'ஒண்ணும் இல்ல'ன்னு ஆரம்பிச்சவன், மூணு நிமிஷத்துல பாதி வாழ்க்கையை அதுக்குள்ள இருந்து எடுத்துக் காட்டிட்டான்.

அந்தப் பொட்டி அரை மணி நேரத்துல சரியாயிடுச்சு. ஃபார்மட் பண்ணல. எப்படின்னு பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி, இந்தக் கேள்வியை நான் ஏன் முதல்ல கேட்கிறேன்னு சொல்லிடறேன். எனக்கு இது புத்தகத்துல படிச்சு வந்த ஞானம் இல்லீங்க. சூடு பட்டு வந்தது.

2023 டிசம்பர். நான் இங்க வந்து மூணாவது மாசம். கோவில்பட்டியில இருந்து அப்பா போன். வீட்டுல இருக்கிற பழைய டெஸ்க்டாப் ரொம்ப மெதுவா இருக்காம், ஒரு ஃபைலைத் திறந்தா டீ குடிச்சிட்டு வரலாமாம், சில நேரம் அப்படியே உறைஞ்சு நிக்குதாம். மறுநாள் எனக்குப் பரீட்சை. "கடையில குடுத்து ஃபார்மட் பண்ணச் சொல்லிடுங்கப்பா"ன்னேன். அப்பா கேட்டார்: "உள்ள இருக்கிறது எதுவும் போயிடாதே தம்பி?" நான் சொன்ன பதில் இது: "டி டிரைவ்ல இருக்கிறது ஒண்ணும் போகாதுப்பா."

சொன்னது சரிதான். டி டிரைவ்ல இருந்தது எதுவும் போகல. ஆனா அப்பா எல்லாத்தையும் டெஸ்க்டாப்லதான் வெச்சிருந்தார். திரையில நேரா கண்ணுக்குத் தெரியுதே, அதைவிடப் பத்திரமான இடம் எதுன்னு அவர் நினைச்சிருக்கார். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூணுமே வழக்கமா சி டிரைவுக்குள்ளதான் இருக்குன்னு ஒரு ரிடையர்டு தமிழ் வாத்தியாருக்கு யார் சொல்லியிருக்கப் போறா? நான்தான் சொல்லியிருக்கணும். சொல்லல.

அந்த டெஸ்க்டாப்ல ஆச்சியோட வீடியோ இருந்தது. எங்க அக்கா பிள்ளையைத் தொட்டில்ல போட்டப்ப ஆச்சி தாலாட்டுப் பாடினது, போன்ல எடுத்தது. போன்ல இடம் இல்லைன்னு அப்பா கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு போன்ல அழிச்சிட்டார். 2022-ல ஆச்சி போயிட்டாங்க. அவங்க குரல் பதிவாகி இருந்தது அது ஒண்ணுலதான்.

கூத்து என்னன்னா, ஃபார்மட் பண்ணியும் பொட்டி சரியாகல. ரெண்டே வாரத்துல மறுபடியும் அதே மெதுவு, அதே உறைஞ்சு நிக்கறது. வீடியோ போன விஷயத்தை அம்மாதான் பொங்கலுக்குப் பேசினப்ப சொன்னாங்க. அப்பா இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல.

கேட்ட உடனே பொட்டியை அணைச்சு வைக்கச் சொல்லிட்டேன். 2024 ஆகஸ்ட்ல ஊருக்குப் போனப்ப ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி என் லேப்டாப்புல மாட்டினேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு சின்ன இலவச மென்பொருள், திறந்த உடனே மஞ்சள் கலர்ல எச்சரிக்கை காட்டுச்சு. டிஸ்க்குல செக்டர்கள் செத்துக்கிட்டு இருந்திருக்கு. ஆக, விண்டோஸ் மேல எந்தத் தப்பும் இல்ல. சாகக் கிடந்த டிஸ்க்கை ஃபார்மட் அடிச்சு, அது மேலயே புது விண்டோஸையும் ஏத்தி, இன்னும் கொஞ்சம் கொன்னிருக்கோம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆன நேரம் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தை டிசம்பர்ல செலவு பண்ணியிருக்கலாம்.

ஃபோட்டோரெக்னு ஒரு மீட்பு மென்பொருள் இருக்கு. ராத்திரி முழுக்க ஓட விட்டேன். போட்டோக்கள் கொஞ்சம் வந்துச்சு, பேரெல்லாம் போயி வெறும் நம்பரா. வீடியோ ஒண்ணுகூட ஓடல. பெரிய ஃபைல்கள் டிஸ்க்குல துண்டு துண்டா சிதறிக் கிடக்கும். எந்தத் துண்டு எங்கன்னு சொல்ற அட்டவணை போயிட்டா ஒட்ட வைக்கிறது குதிரைக்கொம்பு. சில துண்டுகள் மேல புது விண்டோஸ் ஏறி உக்காந்தும் இருக்கும்.

சரி, சொந்தக் கதை போதும். மேட்டருக்கு வருவோம்.

ஃபார்மட் ஏன் நம்ம ஊர்ல சர்வரோக நிவாரணி ஆச்சு? எக்ஸ்பி காலத்துல அது நியாயமாவே இருந்தது. பிரவுசிங் சென்டர்ல இருந்து பென்டிரைவ் வழியா வைரஸ் வரும், ஆட்டோரன்ல தானா பரவும். தேடிப் பிடிச்சு அழிக்கிறதை விட சி டிரைவைத் துடைச்சிட்டுப் புதுசா ஓ.எஸ். போடறது சுலபம். போனா என்ன போகும்? பாட்டும் படமும்தானே, பக்கத்து வீட்டுல மறுபடி காப்பி பண்ணிக்கலாம். இன்னிக்கு உள்ள இருக்கிறது அப்படிப்பட்ட சரக்கு இல்ல. ஆனா நம்ம வாய் மட்டும் அந்தக் காலத்துலயே நின்னுபோச்சு.

இன்னொண்ணையும் கவனிங்க. அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க்குல தப்பா அழிச்சாலும் மீட்க ஓரளவு வாய்ப்பு இருந்தது. இப்போ எல்லார்கிட்டயும் எஸ்.எஸ்.டி. அதுல டிரிம்னு ஒரு ஏற்பாடு இருக்கு. அழிச்ச இடத்தை டிஸ்க் தானே காலி பண்ணி வெச்சிடும். ரெக்கவரி மென்பொருள் போட்டுத் தேடினா பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான் கிடைக்கும். அதோட, இப்போ நிறைய லேப்டாப்புல டிஸ்க் முழுக்க பூட்டுப் போட்டு, அதாவது என்கிரிப்ட் ஆகியே வருது. ஃபார்மட் பண்ணினா சாவியும் சேர்ந்து போச்சு. 'அடிச்சிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்'ங்கற காலம் முடிஞ்சு போச்சு சாமிகளா.

அதனால என் கருத்து இதுதான். நம்மகிட்ட யாராவது பொட்டியைக் கொண்டு வந்தா (நீங்களும் உங்க குடும்பத்துக்குச் சம்பளம் இல்லாத ஐ.டி. டிபார்ட்மென்ட்தானே?) 'என்ன ஆச்சு'ன்னு கேட்கறதுக்கு முன்னாடி 'உள்ள என்ன இருக்கு'ன்னு கேளுங்க. அப்புறம் கீழ இருக்கிற வரிசையில போங்க. பத்துல எட்டு, இதுல எங்கேயாவது ஒரு படியிலயே சரியாயிடும்ங்கறது என் அனுபவம்.

ஒண்ணு. ரீஸ்டார்ட். சிரிக்காதீங்க. 'நான் தினமும் ஷட் டவுன் பண்றேனே'ம்பாங்க. விண்டோஸ் 8-ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு. அது ஆன்ல இருந்தா ஷட் டவுன் பண்ணினாலும் விண்டோஸோட உள்பகுதி முழுசா அணையாது, தூங்கப் போயிட்டுக் காலையில அப்படியே எழுந்திரிக்கும். நேத்தைய சிக்கலும் கூடவே எழுந்திரிக்கும். ரீஸ்டார்ட் குடுத்தாத்தான் உண்மையிலேயே புதுசா ஆரம்பிக்கும்.

ரெண்டு. காப்பி. விண்டோஸ் திறக்குதுன்னா முதல் வேலையா முக்கியமானதை வெளி டிஸ்க்குக்கு மாத்துங்க. திறக்கலையா, பதற வேண்டாம். விண்டோஸ் செத்தாலும் ஃபைல்கள் உள்ள உயிரோடதான் இருக்கும். லினக்ஸ் மின்ட் மாதிரி ஒண்ணைப் பென்டிரைவ்ல ஏத்தி, அதுலேருந்து பூட் பண்ணுங்க. 'இன்ஸ்டால்' பட்டனைத் தொடாதீங்க, பேசாம ஃபைல் மேனேஜரைத் திறந்து காப்பி பண்ணுங்க. பென்டிரைவ் தயார் பண்ண ரூஃபஸ் போதும். ரெண்டு மூணு ஓ.எஸ். ஒரே பென்டிரைவ்ல வேணும்னா வென்டாய். டிஸ்க்குல பிட்லாக்கர் பூட்டு இருந்தா 48 இலக்கச் சாவி கேட்கும். பொதுவா அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சேமிச்சிருக்கும். பொட்டி நல்லா இருக்கும்போதே, அதாவது இந்தப் பதிவைப் படிச்சு முடிச்ச உடனே, போய் எடுத்து ஒரு பேப்பர்ல எழுதி வைங்க.

மூணு. டிஸ்க் ஆரோக்கியம். நான் மேல சொன்ன கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. நீலம்னா நிம்மதி. மஞ்சளோ சிவப்போ வந்தா காப்பி எடுக்கிறதைத் தவிர வேற எதுவும் செய்யாதீங்க. முக்கியமா, சாகக் கிடக்கிற டிஸ்க்குல செக்டிஸ்க் ஓட்டாதீங்க. மூச்சு வாங்குற மனுஷனை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்ற மாதிரி அது.

நாலு. 'நேத்து என்ன மாத்தின?' இந்தக் கேள்விக்கு எல்லாரும் சொல்ற பதில் 'ஒண்ணுமே மாத்தலியே'. நம்பாதீங்க. விண்டோஸ் தேடல்ல ரிலையபிலிட்டின்னு ஆங்கிலத்துல அடிச்சா, நாள்வாரியா ஒரு வரைபடம் வரும். எந்த நாள் என்ன இன்ஸ்டால் ஆச்சு, எது எப்போ செத்து விழுந்துச்சுன்னு அப்படியே காட்டிக் குடுத்துடும். பல வருஷமா விண்டோஸுக்குள்ளயே இருக்கு, யாரும் சீண்டறதில்ல.

அஞ்சு. சேஃப் மோட். அத்தியாவசியமானதை மட்டும் ஏத்திட்டு விண்டோஸ் எழுந்திரிக்கும். ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கிட்டே ரீஸ்டார்ட் குடுத்தா அதுக்கான மெனு வரும். விண்டோஸே திறக்கலைன்னா, ஆரம்பிக்கும்போது ரெண்டு மூணு தடவை பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சா தானே ரிப்பேர் மெனுவுக்குப் போகும். சேஃப் மோட்ல நல்லா ஓடுதுன்னா, வில்லன் நீங்க வெளியில இருந்து போட்ட மென்பொருளோ டிரைவரோதான்னு பெரும்பாலும் முடிவு கட்டிடலாம்.

இதோட மகிமைக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கு. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக்னு ஒரு பாதுகாப்பு மென்பொருளோட தப்பான அப்டேட் ஒண்ணு, உலகம் முழுக்க விமான நிலையம், வங்கி, ஆஸ்பத்திரின்னு நீலத் திரையைக் காட்டி படுக்க வெச்சது ஞாபகம் இருக்கா? மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள். அத்தனை கணினிகளுக்கும் சொல்லப்பட்ட வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோட்ல போய் ஒரே ஒரு ஃபைலை அழிச்சிட்டு ரீஸ்டார்ட். ஃபார்மட் பண்ணச் சொல்லல. பல ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு முழிச்சது எங்கன்னா, நான் மேல சொன்ன பிட்லாக்கர் சாவி கைவசம் இல்லாம.

ஆறு. விண்டோஸோட சொந்த ஃபைல்கள் கெட்டிருந்தா. கமாண்ட் பிராம்ப்டை அட்மினா திறந்து, டிஸ்ம் கமாண்டுல ரெஸ்டோர்ஹெல்த், அது முடிஞ்சதும் எஸ்.எஃப்.சி. கமாண்டுல ஸ்கேன்நவ். ரெண்டும் சேர்ந்து சாவகாசமா ஓடும். நடுவுல நிறுத்தாம, ஒரு காப்பி போட்டுக் குடிச்சிட்டு வாங்க.

ஏழு. இதெல்லாம் பண்ணியும் ஆகலையா? இப்போ ரீசெட் பண்ணுங்க. 'என் ஃபைல்களை வைத்துக்கொள்' வகைத் தேர்வு இருக்கும், அதையே எடுங்க. அதை எடுத்தாலும் ரெண்டாவது படி முடிஞ்சிருக்கணும்.

நம்ம மதுரைத் தம்பி கேஸ் அஞ்சாவது படியில முடிஞ்சது. முந்தின நாள் ராத்திரி 'உங்கள் கணினியை 300 சதவீதம் வேகமாக்கும்'னு ஒரு டிரைவர் அப்டேட்டர் போட்டிருக்கான். சேஃப் மோட்ல போய் அது மாத்தின கிராஃபிக்ஸ் டிரைவரைப் பழையதுக்குத் திருப்பி, அதையும் தூக்கினேன். முடிஞ்சது. (சாம்பார் அடிப்பிடிச்சது தனிக்கதை.)

இதுல இருந்து அடுத்த விஷயத்துக்கு வர்றேன். மென்பொருள் பரிந்துரை. 'கட்டாயம் இருக்க வேண்டிய 50 இலவச மென்பொருள்கள்'னு பட்டியல் போடறது நம்ம பதிவுலகப் பாரம்பரியம். நானும் ஒரு காலத்துல அதை எல்லாம் இறக்கி, போட்டு, பொட்டியைக் குப்பைத் தொட்டி ஆக்கினவன்தான். இப்போ என் பட்டியல் ரொம்பச் சின்னது. சுருக்கி விரிக்க செவன்-ஜிப். படம் பார்க்க வி.எல்.சி. ஃபைல் எங்க வெச்சோம்னு தேட எவ்ரிதிங், பேர்ல ரெண்டு எழுத்து அடிக்கிறதுக்குள்ள கொண்டு வந்து நிறுத்தும். டிஸ்க்குல இடத்தை எது அடைச்சிருக்குன்னு பார்க்க விஸ்ட்ரீ. பொட்டி ஆரம்பிக்கும்போது எதெல்லாம் கூடவே ஒட்டிக்கிட்டு ஏறுதுன்னு பார்க்க ஆட்டோரன்ஸ், மைக்ரோசாஃப்டே குடுக்கறது. வாராவாரம் வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுக்க ஃப்ரீஃபைல்சிங்க். அவ்வளவுதான்.

போடக் கூடாதது: ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர், ராம் பூஸ்டர், ரெண்டாவது ஆன்டிவைரஸ். விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே சாதாரண வீட்டு உபயோகத்துக்குப் போதும். 'நம்பிக்கையான கிளீனர்தானே'ன்னா, 2017-ல சிசிகிளீனருக்கு நடந்ததை நினைச்சுப் பாருங்க. அதோட அதிகாரப்பூர்வப் பதிப்புக்குள்ளயே யாரோ கள்ள நிரலைச் செருகிட்டாங்க. கண்டுபிடிக்கிறதுக்குள்ள 22 லட்சத்துக்கும் மேல பயனர்கள் கைக்கு அது போயிடுச்சு. சொந்தத் தளத்துல இருந்து இறக்கினதுக்கே அந்தக் கதின்னா, கிராக் பண்ணின ஆபீஸ், ஆக்டிவேட்டர் எல்லாம் போடறவங்களை என்ன சொல்ல? மாணவ மணிகளே, உங்க யுனிவர்சிட்டி ஐ.டி. பக்கத்தைப் போய்ப் பாருங்க, ஆபீஸ் பல இடத்துல சும்மாவே தர்றாங்க. இல்லைன்னா லிப்ரெஆபீஸ்.

விண்டோஸ் 10 வெச்சிருக்கவங்களுக்கும் ஒரு வார்த்தை. அதுக்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. வீட்டு உபயோகக்காரங்க பதிவு பண்ணிக்கிட்டா பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்னு நீட்டிச்சாங்க. பொட்டி விண்டோஸ் 11-ஐத் தாங்காதுன்னா தூக்கிப் போடாதீங்க. எங்க அப்பாவோட டெஸ்க்டாப்புக்கு ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டு லினக்ஸ் மின்ட் ஏத்திட்டேன். யூட்யூப், மெயில், தமிழ்த் தட்டச்சு எல்லாம் ஓடுது. டீ குடிச்சிட்டு வர வேண்டியதில்ல.

தமிழ்ப் பதிவர்களுக்குன்னே ஒரு எச்சரிக்கை, வேற எந்த ஊர் டிப்ஸ் பதிவுலயும் இது இருக்காது. அப்பாவோட டி டிரைவ் பத்திரமா இருந்துச்சுன்னு சொன்னேன் இல்ல? அதுல அவர் பதினஞ்சு வருஷமா அடிச்ச கேள்வித்தாள், இலக்கணக் குறிப்பு எல்லாம் இருந்தது. ஃபார்மட்டுக்கு அப்புறம் திறந்தா ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமா ஒரே குழப்பம். எல்லாம் பாமினி எழுத்துருவுல அடிச்சது. சி டிரைவோட எழுத்துருவும் போச்சு, ஃபைல் இருந்தும் படிக்க முடியல. யூனிகோடுக்கு முந்தைய கோப்பு உங்ககிட்ட இருந்தா, டிஸ்கியோ டேபோ பாமினியோ எதுவா இருந்தாலும், எழுத்துருவையும் சேர்த்துக் காப்பி எடுங்க. முடிஞ்சா என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணை வெச்சு யூனிகோடுக்கு மாத்திடுங்க. அப்பா கோப்புகளை அப்படித்தான் நாங்க ஒவ்வொண்ணா மாத்தினோம். பக்கத்துல உக்காந்து பிழை திருத்தினது அவர்தான். ஒற்று விட்டா சும்மா விடுவாரா?

கடைசியா, காப்பின்னா என்னன்னு ஒரு தெளிவு. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ்ல சிங்க் ஆகுதே போதும்னு நினைக்காதீங்க. இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சிடும், குப்பைத் தொட்டியில கொஞ்ச நாள் இருக்கும், அவ்வளவுதான். மூணு பிரதி, ரெண்டு விதமான இடம், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியேன்னு பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க. எங்க வீட்டுல இப்போ பொட்டியில ஒண்ணு, பீரோவுக்குள்ள இருக்கிற வெளி டிஸ்க்குல ஒண்ணு, என்கிட்ட இங்க ஒண்ணு. அம்மா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாகூட மூணு இடத்துல ஏத்திடறேன். வழக்கமா 'சாப்டியா'ன்னுதான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்.

இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது, 'கம்ப்யூட்டர்ல முக்கியமானதெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பரீட்சை இருந்தாலும் கேளுங்க. பதில் 'டெஸ்க்டாப்ல'ன்னு வந்தா, அன்னிக்கு ராத்திரியே ஒரு வழி பண்ணுங்க.

பி.கு. 1: ஆப்பிள் வெச்சிருக்கிற சீமான்கள் 'எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல'ன்னு பின்னூட்டம் போட வேண்டாம். உங்க டிஸ்க்கும் சாகும். டைம் மெஷினை ஆன் பண்ணிட்டு வந்து பேசுங்க.

பி.கு. 2: அந்த டிஸ்க்கை இன்னும் தூக்கிப் போடல. ஒரு டப்பாவுல போட்டு பீரோவுக்குள்ளயே வெச்சிருக்கோம். துண்டு துண்டா இருக்கிற வீடியோவை ஒட்ட வைக்க வழி தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, ஒரு பின்னூட்டம் போட்டுட்டுப் போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.